கொளஞ்சியப்பன் கொடுத்த தூளிச் சேலை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவர் கொளஞ்சியப்பன். அப்படிக் கோட்டை விட்டவருக்கு வேலை கிடைத்ததோ ஒரு வேதியியல் ஆய்வகத்தில்தான். கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக லேப் உதவியாளர். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்தவர். வெட்டுக்கத்தி பிடிக்க வேண்டிய கையில் சோதனைக்குழாய் வந்ததே பெரிய விஷயம் என்று கொளஞ்சியப்பன் அந்த வேலையைக் கண்ணாடிப் பாத்திரம் போலவே பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவருடைய ராஜ்யம் ஆய்வகத்தின் வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரி. அரோமாட்டிக் சேர்மங்கள் எல்லாம் அங்கேதான். அமிலப் புகை பட்டு லேபிள்கள் வருஷா வருஷம் அழிந்துபோகும். கொளஞ்சியப்பன் கோடு போட்ட தாளைக் கத்தரித்துப் புதிதாக எழுதி ஒட்டுவார். ஒரு பாட்டிலுக்கு மூன்று வரி. முதல் வரியில் புத்தகத்துப் பெயர், இரண்டாவதில் பழைய பெயர், மூன்றாவதில் அது ஊருக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பது. மெத்தில் பென்சீன், டொலுயீன், பெயிண்ட் தின்னர். ஹைட்ராக்சி பென்சீன், பீனால், கிருமி கொல்லி. அமினோ பென்சீன், அனிலீன், துணிச் சாயம். பென்சோயிக் அமிலத்துக்குக் கீழே 'பாட்டில் ஜூஸ் கெடாமல்' என்று இருக்கும். மெத்தில் சாலிசிலேட்டுக்கு லேபிளே வேண்டாம், மூடியைத் திறந்தால் வலித் தைலம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பெயர் வைக்கும் முறையை அவர் சொல்லுகிற விதமே வேறு. வாத்தியார் வராத பீரியடில் பிள்ளைகள் கேட்பார்கள். பென்சீன் வளையம் என்றால் வட்டமாக ஆறு வீடு, அவ்வளவுதான். "ஒருத்தன் ஒரு வூட்ல இருக்கறான். இன்னொருத்தன் பக்கத்து வூட்டுக்குக் குடி வந்தா ஆர்த்தோ. ஒரு வூடு தள்ளி வந்தா மெட்டா. நேர் எதுத்த வூட்டுக்கு வந்தா பாரா. இதுக்குப் போயி இன்னாத்துக்குப் பயந்துகினு இருக்கறீங்க?" என்பார். மூன்று நைட்ரோக்காரர்கள் டொலுயீன் தெருவில் ஒன்றாகக் குடியேறினால் வெடிகுண்டு என்று சொல்லும்போது கடைசி பெஞ்ச் விசிலடிக்கும். நாப்தலீனுக்கு வரும்போது மட்டும் குரலில் ஒரு தனிப் பிரியம் வந்துவிடும். "ரெண்டு தெரு ஒரே சொவர பங்கு போட்டுக்கினா நாப்தலீன். பாச்சா உருண்ட. பயன் இன்னா? துணிங்கள பூச்சி அரிக்காம காப்பாத்தறது. நீர்ல கரையாது, பென்சீன், ஈதர் மாதிரி கரிமக் கரைப்பான்ல கரையும். திடமா இருந்துகினே ஆவியாப் போவும். எழுதிக்குங்க."

பிரியத்துக்குக் காரணம் உண்டு. பதங்கமாதல் சோதனைக்கு என்று வருஷத்துக்கு அரைக் கிலோ நாப்தலீன் வரும். செலவாவது இரண்டு கரண்டி. மிச்சம் பாட்டிலில் சும்மாதானே கிடக்கிறது என்று கொளஞ்சியப்பன் அவ்வப்போது ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். தலைமையாசிரியருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி. அதில் செத்துப்போன அம்மாவின் நூல் சேலைகள், இவருடைய நல்ல வேட்டி சட்டைகள், மனைவி ராணியம்மாளின் கல்யாணப் பட்டு. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு சின்னத் துணி முடிச்சில் வெள்ளைப் படிகம். "கடையில விக்கறது உருண்ட. நம்மது சுத்த சரக்கு," என்று பீற்றிக்கொள்வார். அவர் வெளியே போட்டுக்கொண்டு போகும் சட்டையிலும் அந்த வாசனை வரும். அந்தத் தெருவில் அது மரியாதையான வாசனை. பெட்டி வைத்துப் பூட்டிப் பாதுகாக்க நாலு துணி இருக்கிற வீடு என்று அர்த்தம்.

இப்போது தங்கை பாரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டதால் அவளுக்குத் தாய்வீடு என்பது மலைமேல் இருக்கும் அண்ணன் வீடுதான். உளுந்தூர்பேட்டையில் சாலையோர ஓட்டலில் பரோட்டா போடும் சிவசங்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவம். ஆண் குழந்தை. அண்ணன் வீட்டில் வைத்துத்தான் பார்த்தார்கள். எட்டாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாகி, கை கால் விறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டது. காமாலை என்றார்கள். பாரதியின் மாமியார் ஆண்டாள் வேறு மாதிரி சொன்னாள். "இவ பாலு ஆவல. பாலு விஷமாயி புள்ளைய எடுத்துக்கிச்சு." ஒருத்தி சொன்னது பத்து வாய்க்குப் போய், கடைசியில் பாரதியே அதை நம்பிவிட்டாள். யாராவது தங்கள் குழந்தையைத் தூக்கச் சொன்னால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். இந்தப் பதினோரு வருஷமும் கொளஞ்சியப்பன் அவளுக்குச் சொன்ன ஆறுதல், "விதிம்மா, நாம இன்னா பண்றது," என்பதுதான்.

போன மார்கழியில் மறுபடியும் ஒரு ஆண் குழந்தை. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பெயர் வைக்கும் வரை பழைய துணிதான். அதிலும் முதல் தூளி தாய்மாமன் வீட்டுச் சேலையில் கட்ட வேண்டும். தாய்மாமனான கொளஞ்சியப்பன் பெட்டியைத் திறந்து, அம்மாவின் சேலைகளில் இருப்பதிலேயே நைந்து மெத்தென்று ஆகியிருந்த அரக்குக் கலர் ஒன்றை எடுத்தார். முதல் குழந்தைக்கு எடுத்தது பச்சைச் சேலை. அது குழந்தையோடு குழிக்குள் போய்விட்டது. ராணியம்மாள் அரக்குச் சேலையை இரண்டு தண்ணீர் அலசி வெயிலில் காயப்போட்டாள். அழுக்குப் போனது, வாசனை போகவில்லை. "நல்லா பெட்டி வாசன வருதுண்ணா," என்று பாரதி சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார். மார்கழிக் குளிர் ஏறாமல் கதவு ஜன்னலைச் சாத்தினார்கள். பெட்டியிலிருந்தே இரண்டு வேட்டி எடுத்துக் கிழித்துச் சுற்றும் துணியாக்கினார்கள். தினமும் உடம்பு நிறையத் தேங்காயெண்ணெய் தடவித் தூளியில் போட்டார்கள்.

ஆறாம் நாள் காலை ராணியம்மாள் ஈரத்துணியை மாற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை ஒன்றுக்குப் போயிருந்த இடம் கடுங்காப்பி ஊற்றியது மாதிரி இருந்தது.

"இன்னாங்க, இங்க வாங்க. புள்ள கண்ணப் பாருங்க."

இமையைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. மூக்கு, நெற்றி, மார்பு, பாதம் வரைக்கும் மஞ்சள். பாரதி கத்தவில்லை. எழுந்துபோய் சுவரோரம் உட்கார்ந்து, ரவிக்கையை இறுக்கிப் பின் குத்திக்கொண்டாள். "நான் பாலு குடுத்துட்டேன்ணா. வேணாம் வேணாம்னு இருந்தும் குடுத்துட்டேன்."

கிடைத்த பஸ்ஸில் ஏறினார்கள். மலைப்பாதை முழுக்கக் கொளஞ்சியப்பன்தான் குழந்தையை மடியில் வைத்திருந்தார். கொண்டை ஊசி வளைவில் காற்று குபுகுபுவென்று அடிக்கும்போதெல்லாம் அந்த அரக்குச் சேலையை இன்னும் ஒரு சுற்று இழுத்து, குழந்தையின் முகத்தையும் மூடி, தன் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அழக்கூடத் தெம்பில்லாமல் அது துவண்டு கிடந்தது. இந்தத் தடவை வழியிலேயே விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் நினைப்பு.

குழந்தைகள் வார்டில் டாக்டர் எழில்மதி. முப்பது வயசு இருந்தால் அதிகம். பாரதியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குழந்தையோடு கொளஞ்சியப்பனை மட்டும் உள்ளே வரச்சொன்னார். சேலையைப் பிரிக்கும்போது சட்டென்று நிறுத்தி, அதன் ஓரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது என்னங்க வாசனை?"

அந்த நிலைமையிலும் கேள்வி வந்தவுடன் பதில் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம் அப்படி. "நாப்தலீன்ங்க டாக்டர். சி டென் எச் எய்ட். கடைச் சரக்கு இல்லீங்க, லேப் சரக்கு. நான் லேப்லதான் வேல செய்யறேன்."

டாக்டரின் முகம் மாறியதைக் கொளஞ்சியப்பன் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஒரு நொடி நினைத்தார், ஃபார்முலா சரிதானே என்று யோசித்தார். இதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

"சிஸ்டர், இந்தத் துணி எல்லாத்தையும் வெளிய எடுங்க. குழந்தைய ஃபுல்லா துடைச்சு நம்ம துணி போடுங்க. சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க சட்டையிலயும் அதே வாசனை வருது."

கொளஞ்சியப்பன் இரண்டடி பின்னால் போனார்.

"எத்தனை நாளா இந்தத் துணியில இருக்கு?"

"மூணு நாளா. ஆனா நல்லா அலசித்தான் போட்டோம்ங்க. ரெண்டு தண்ணி."

"தண்ணியில அது போகாதே. எண்ணெய் தேச்சீங்களா?"

"தெனமும் தேச்சோம்ங்க," என்றார். நீரில் கரையாது. கரிமக் கரைப்பானில் கரையும். எண்ணெயிலும் கரையும். திடமா இருந்துகினே ஆவியாப் போவும். கதவு சாத்திய அறை, எண்ணெய் ஊறிய பச்சைத் தோல், மூக்கையும் சேர்த்து மூடிய சேலை. அத்தனை வரியும் அவர் சொல்லி எழுதவைத்த வரி. எத்தனையோ பிள்ளைகள் அதை எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாள்கூட அவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தோன்றவில்லை.

குழந்தையின் ரத்தத்தில் மஞ்சள் அளவைப் பார்த்துவிட்டு வந்து டாக்டர் வேகமாகச் சொன்னார். சில ஆண் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மியாக இருக்கும். தாய் வழியாக வருவது. சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாது. நாப்தலீன் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடையும், காமாலை ஏறும், மூளைக்குப் போனால் முடிந்தது. அந்த என்சைமுக்கான டெஸ்ட் ரிசல்ட் வர நேரமாகும், ஆனால் காத்திருக்க முடியாது. "மஞ்சள் அளவு இருபத்தாறு இருக்கு. ரத்தத்தை மாத்தணும், உடனே."

"என் ரெண்டு பொண்ணுங்களும் இதே பெட்டித் துணியிலதாங்க வளந்தாங்க," என்றார் கொளஞ்சியப்பன். வாதாடவில்லை, கெஞ்சினார். "ஒண்ணும் ஆவலியே டாக்டர்."

"பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஆகாது. இந்தக் குறை இருக்கிறவங்களுக்குத்தான். இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது இறந்திருக்கா?"

"ஒண்ணு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. எட்டாம் நாளு."

"பையனா?"

"பையன்தான்."

"மஞ்சளா?"

தலையாட்டினார். டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. பச்சைச் சேலை அவருடைய கண்முன்னால் வந்து நின்றது. அதையும் அவர்தான் பெட்டியிலிருந்து எடுத்தார், அதையும் இரண்டு தண்ணீர் அலசினார்கள். விதியாவது மண்ணாவது. ஒருத்தியின் பிள்ளையைத் தன் கையால் கொன்றுவிட்டு, பதினோரு வருஷம் அவளுக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். பிறகு சட்டைக் கையை மடித்து நீட்டினார். "என் ரத்தத்த எடுத்துக்குங்க டாக்டர். எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"வேணாங்க. உங்க அம்மா வழியா வந்ததுன்னா உங்க ரத்தத்திலயும் இந்தக் குறை இருக்கலாம். குழந்தைக்கு ஆகாது. பேங்க்ல இருக்கு." பிறகு குரலைத் தணித்தார். "இந்தத் துணி விஷயத்தை உங்க தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேங்க."

சொல்லவில்லை. அன்றைக்குக் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப்பட்டபோது சொல்லவில்லை. மறுநாள் ரிசல்ட் வந்து, டாக்டர் சந்தேகப்பட்டதுதான் என்று உறுதியானபோதும் சொல்லவில்லை. பிள்ளை பிழைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே தவணை வாங்கிக்கொண்டிருந்தார். போட்டிருந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய ஒரு பனியனோடு திரிந்தார். உளுந்தூர்பேட்டையிலிருந்து சிவசங்கரும் ஆண்டாளும் வந்து சேர்ந்தார்கள். ஆண்டாள் வராந்தாவில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆரம்பித்துவிட்டாள். "அதே பாலு, அதே வியாதி. நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டாங்க?" கொளஞ்சியப்பன் நாலடி தூரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் நாள் குழந்தை கண் விழித்தது. மஞ்சளை இறக்க வைத்த நீல விளக்கொளியில் கிடந்தபடி காலை உதைத்தது. மஞ்சள் இறங்கிவிட்டது, இதுவரை பால் வங்கியிலிருந்து கொடுத்தது போதும், இனிமேல் தாய்ப்பால்தான் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் குழந்தையைக் கொண்டுபோய் பாரதியின் மடியில் வைத்தாள். பாரதி அதைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சீறிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு வேணாம். பவுடர் பாலு வாங்கிக் குடுங்க. இதையும் சாவடிக்கச் சொல்றீங்களா?"

நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். டாக்டரே வந்து சொன்னார். "ரத்தத்துலதான் குறைம்மா, பால்ல ஒண்ணும் இல்ல." பாரதி கேட்டுக்கொள்வதாக இல்லை. படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், செத்தது என் பிள்ளை என்றாள். பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ரவிக்கை நனைந்து ஒழுகியது. பசியில் குழந்தை வீறிட்டு அழ, அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் கொளஞ்சியப்பனைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

"பாரதி, உக்காரும்மா. நான் ஒண்ணு சொல்லணும்."

"பால் குடுக்கச் சொல்லாதண்ணா."

"உன் பாலுல ஒண்ணும் இல்ல. துணிதான். நான் குடுத்த துணி. பெட்டியில நான் போட்டு வெக்கறேனே அந்த மருந்து, அது இவனுக்கு ஆவல. ரத்தம் ஒடஞ்சு போச்சு."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்களே?"

"ரத்தத்துல கொற இருக்குது. அதோட அந்த மருந்து சேந்தாதான் ஆபத்து. ரெண்டாவத சொல்ல வேணாம்னு நான்தான் அவங்கள நிறுத்தி வெச்சேன்." அதற்கு மேல் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "மொதப் புள்ளைக்கும் அதான்மா. பச்சச் சேல. அதுவும் அந்தப் பெட்டியிலதான் இருந்துது."

பாரதி கட்டிலில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அழும் குழந்தையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடி குழந்தையைப் பார்த்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வந்த அன்னிக்கே."

"மூணு நாளு." அவள் குரல் உயரவேயில்லை. "அந்தப் பொம்பள வெளிய உக்காந்து மூணு நாளா பேசிகினு இருக்குது. நீ பக்கத்துல நின்னு கேட்டுகினு இருந்தியா?"

பாரதி குழந்தையைத் தூக்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பின்னைக் கழற்றினாள். குழந்தை முட்டி முட்டித் தேடிப் பிடித்தது. அழுகை நின்றது. அந்தச் சின்ன வாய் இழுத்து விழுங்கும் சத்தம் கேட்டது. அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று தெரிந்துகொண்டார். கிட்டே போகத் தைரியம் இல்லை.

திரும்பாமலே சொன்னாள். "எங்கிட்ட சொல்லிட்ட. அவங்ககிட்ட யாரு சொல்றது? நான் சொன்னா உன் மேல பழி போட்டுத் தப்பிக்கறேன்னு சொல்வாங்க. நீயே போயி சொல்லு. அவரும் இருக்கணும்."

வராந்தாவில் ஆண்டாள் பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். சிவசங்கர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சுற்றிலும் பத்து இருபது பேர். கொளஞ்சியப்பன் எதிரில் போய் நின்றார்.

"உங்க மொதப் பேரன் செத்தது பாரதி பாலால இல்லீங்க. நான் குடுத்த துணியில இருந்த மருந்தாலதான்."

ஆண்டாள் அண்ணாந்து பார்த்தாள். "இன்னாது?"

அவர் மறுபடியும் சொன்னார். சிவசங்கர் சுவரை விட்டு நிமிர்ந்தார். ஆண்டாளுக்குக் கேட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சொல்றீங்க, ஒண்ணும் புரியலியே," என்றாள்.

மூன்றாவது தடவை கொளஞ்சியப்பன் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாரதிக்கும் கேட்டிருக்கும்.